72 மணி நேரத்துக்கு மேல் தங்கலாம்!

சொவேட்டோவின் தீப்பெட்டி வீடுகள் கெஸ்ட் ஹவுஸ்களான கதை

நடு ராத்திரியில் கதவு தட்டப்பட்டால் என்ன அர்த்தம் என்பது, ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் ஒரு தலைமுறைக்கே அத்துப்படி. வெளியே டார்ச் விளக்கோடு நகராட்சிப் போலீஸ் நிற்கும். கறுப்பு யூனிஃபார்ம் என்பதால் அவர்களுக்கு ‘பிளாக்ஜாக்’ என்று பட்டப்பெயர். வீட்டு பெர்மிட்டை வாங்கிப் பார்ப்பார்கள். அதில் எத்தனை பெயர், தரையில் படுத்திருப்பது எத்தனை பேர்? கணக்கு இடித்தால் அதிகப்படியான ஆள் வண்டியில் ஏற வேண்டியதுதான். அவர் கிராமத்திலிருந்து வந்த தம்பியாக இருக்கலாம், கட்டிக் கொடுத்த மகளாகவும் இருக்கலாம். பெர்மிட்டில் பெயர் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அவர் அந்நியர்.

தென்னாப்பிரிக்க நகர்ப்பகுதிச் சட்டத்தின் 10-வது பிரிவு, 1952-ல் திருத்தப்பட்டபோது, ஒரு கெடு வைத்தது: 72 மணி நேரம். அந்த நகரத்திலேயே பிறந்து தொடர்ந்து வசிப்பவர், ஒரே முதலாளியிடம் 10 ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்று சிலருக்கு விலக்கு உண்டு. மற்ற கறுப்பின மக்கள் அனுமதியின்றி மூன்று நாளைக்கு மேல் நகரத்தில் இருந்தால் குற்றம். எதிர்த்திசையிலும் பூட்டு இருந்தது. வெள்ளைக்காரர் சொவேட்டோவுக்குள் போக அவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆக, யாரும் யார் வீட்டுக்கும் நிம்மதியாக விருந்துக்குப் போக முடியாத ஊர். இந்தக் கெடுபிடிச் சட்டங்கள் 1986-ல்தான் நீங்கின.

இன்று அதே தெருக்களில், அதே வீடுகளின் மதில்களில் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று பலகை தொங்குகிறது. சில பலகைகளில், அரசு அங்கீகரித்த தர நிர்ணயக் கவுன்சில் கொடுத்த நட்சத்திரங்களும் இருக்கும். ஆர்லாண்டோ வெஸ்ட், டூபே, பிம்வில், டீப்க்ளோஃப் என்று பல பகுதிகளில் இந்த வீடுகள் இருக்கின்றன. ஓர் இரவு கூடுதலாகத் தங்கியவரைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு போன ஊரில், இன்னும் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள் என்று கேட்பது இன்று தொழில்.

சத்திரக்காரர் பெயரில் ஓர் ஆஸ்பத்திரி

வேடிக்கை என்னவென்றால், இந்த நிலத்தின் மிகப் பிரபலமான பெயர் ஒரு சத்திரக்காரருடையது. ஜான் ஆல்பர்ட் பராக்வனாத், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர். தங்கம் தேடி வந்தவர்களின் கூட்டத்தோடு 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு நாள் போகும் தூரத்தில், கிம்பர்லி போகும் சாலையில், வண்டிக்காரர்கள் இளைப்பாற ஒரு விடுதி போட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக அந்த இடத்தில் ஒரு ராணுவ மருத்துவமனை எழுந்தது. போர் முடிந்ததும் அது கறுப்பின மக்களுக்கான மருத்துவமனையானது. ஏறக்குறைய 3,000 படுக்கைகளோடு உலகின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றாக இன்று நிற்கும் கிறிஸ் ஹானி பராக்வனாத் அதுதான். சொவேட்டோக்காரர்கள் செல்லமாக ‘பாரா’ என்பார்கள்.

பராக்வனாத்தின் விடுதிக்கு வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். அவருக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள் அப்படியல்ல. 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் நோய் வந்தது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பில்தான் முதலில் பரவியது. அப்போது அங்கே வக்கீலாக இருந்த காந்தியும் சகாக்களும், பூட்டிக் கிடந்த ஒரு காலி வீட்டைத் திறந்து நோயாளிகளைக் கிடத்திப் பார்த்துக்கொண்டார்கள். நகராட்சி குடியிருப்பைக் காலி செய்து, மொத்தமாகத் தீ வைத்துக் கொளுத்தியது. ஜனங்களை ஊருக்குத் தென்மேற்கே, கிளிப்ஸ்ப்ரூட் என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கியது. பக்கத்திலேயே நகரத்தின் சாக்கடைப் பண்ணை. இந்தியர்கள் காலப்போக்கில் வேறு இடங்களுக்குப் போனார்கள். ஆப்பிரிக்கர்கள் அங்கேயே விடப்பட்டார்கள். சொவேட்டோவின் கதை அந்தத் தீயிலிருந்து தொடங்குகிறது.

இந்தியர்களையும் சட்டம் பின்னாளில் இதே திசைக்குத் துரத்தியது. 1950-களுக்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க்கின் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட லெனேசியா, சொவேட்டோவுக்குத் தெற்கே ஒட்டியே இருக்கிறது. இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு, கோயில்கள் உண்டு. அதையும் தாண்டிப் போனால், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை இருந்த நிலம். தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் 1914-ல் இறந்து புதைக்கப்பட்டதும் இதே ஜோகன்னஸ்பர்க்கில்தான். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் வள்ளியம்மையின் கல்லறையைப் பார்த்துவிட்டு, சொவேட்டோவுக்கு அரை நாள் ஒதுக்கி, மாலையில் ஊர் மையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிக்கல் அந்த அரை நாளில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஆர்லாண்டோ 1930-களின் தொடக்கத்தில் உருவானது. ஜோகன்னஸ்பர்க் மேயராக இருந்த எட்வின் ஆர்லாண்டோ லீக் என்பவரின் பெயர் அதற்கு. வீடுகள் போதவில்லை, சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் ஆட்களை இழுத்துக்கொண்டே இருந்தன. 1944-ல் ஜேம்ஸ் எம்பான்சா என்ற துணிச்சல்காரர் வீடில்லாத ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு போய்க் காலி நிலத்தில் கோணியாலும் தகரத்தாலும் குடிசை போட்டார். அவர் கட்சியின் பெயர் சோஃபாசோங்கே. சாவதென்றால் எல்லோரும் சேர்ந்தே சாவோம் என்று பொருள். நகராட்சிக்கு வேறு வழியில்லை, கட்டத் தொடங்கியது. 1956-ல் சுரங்க அதிபர் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் ஏற்பாடு செய்த 30 லட்சம் பவுண்டு கடன் அந்த வேலையை வேகப்படுத்தியது. நன்றிக்கடனாக அவர் பெயரில் எழுப்பிய கோபுரம் சென்ட்ரல் வெஸ்டர்ன் ஜபாவுவில் இன்றும் நிற்கிறது. ஏறிப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். நான்கு அறை, சுமார் 40 சதுர மீட்டர், கழிவறை கொல்லையில், கூரைக்குக் கீழே தட்டி கிடையாது, பெரும்பாலானவற்றில் 1980-கள் வரை மின்சாரமும் கிடையாது. ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயர் தீப்பெட்டி. தென்மேற்கு டவுன்ஷிப்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகச் ‘சொவேட்டோ’ என்ற பெயரை 1963-ல் நகராட்சி சூட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 12 லட்சத்து 71 ஆயிரம் பேர்.

மின்சாரம் பற்றிச் சொன்னேன். ஆர்லாண்டோவிலேயே ஓர் அனல்மின் நிலையம் இருந்தது! அதன் புகை சொவேட்டோவுக்கு, வெளிச்சம் ஜோகன்னஸ்பர்க்குக்கு. 1998-ல் மூடிவிட்டார்கள். குளிரூட்டும் கோபுரங்கள் இரண்டும் இப்போது மேலிருந்து கீழ்வரை ஓவியம் பூசப்பட்டு, சொவேட்டோவின் அடையாளமாகிவிட்டன. 100 மீட்டர் உயரத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கும் பன்ஜி விளையாட்டும் அங்கே நடந்திருக்கிறது. கீழே நெருப்பில் வாட்டிய இறைச்சிக் கடை.

பஸ்ஸிலிருந்து இறங்காதவர்கள்

சொவேட்டோவைச் சுற்றிக் காட்டுவதை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா? நிறவெறி அரசின் நிர்வாகமேதான். வெளிநாட்டுக்காரர்களையும் ஆவல் கொண்ட வெள்ளையர்களையும் பஸ்ஸில் ஏற்றி, பால்வாடி, கைத்தொழில் கூடம், ஓப்பன்ஹைமர் கோபுரம் என்று தேர்ந்தெடுத்த இடங்களைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் என்று அனுப்பி வைத்தார்கள். 1985-ல், ஊரே பற்றி எரிந்த காலத்தில், ஜிம்மி என்டின்டிலி என்ற உள்ளூர்க்காரர் ஒரு வேனை வைத்துக்கொண்டு தானே சுற்றிக் காட்டத் தொடங்கினார். முகத்துக்கு முகம் பார்ப்போம் என்பதுதான் அவர் நிறுவனத்தின் பெயரே. கறுப்பர் ஒருவர் தன் ஊரைத் தன் வாயால் சொன்னது அந்தத் தொழிலில் பெரிய திருப்பம்.

1994-க்குப் பிறகு மடை திறந்தது. மண்டேலா வாழ்ந்த வீட்டைப் பார்க்க உலகமே வந்தது. ஆனால், வந்த பஸ்கள் பெரும்பாலும் சாண்ட்டனிலிருந்து வந்தன. சாண்ட்டன் என்றால் ஜோகன்னஸ்பர்க்கின் பணக்கார வடக்கு, நட்சத்திர ஓட்டல்களின் பேட்டை. காலை அங்கே சாப்பாடு, மதியத்துக்குள் சொவேட்டோ, இரவு மீண்டும் அங்கேயே படுக்கை. அறை வாடகையும் பஸ் வாடகையும் இரவுச் சாப்பாட்டுச் செலவும் வடக்கிலேயே தங்கிவிடும். சொவேட்டோவுக்குக் கிடைப்பது நுழைவுச் சீட்டும் ஒரு குளிர்பானமும் பாசிமணிச் சங்கிலியும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேமராவை நீட்டி, துணி துவைக்கும் பெண்ணைப் படம் பிடித்துப் போனவர்கள் உண்டு. வறுமையைக் காட்சிப் பொருளாக்குகிறார்கள் என்ற வசவு இந்தச் சுற்றுலாவின் மேல் விழுந்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம்.

கெஸ்ட் ஹவுஸ் இதற்கு ஒரு பதில். முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒருவர் ஓர் இரவு தங்கினால் அந்த அறை வாடகை அந்தத் தெருவுக்கு வருகிறது. முட்டை பக்கத்து ஸ்பாஸாவில் வாங்கப்படுகிறது. ஸ்பாஸா என்பது வீட்டு முன்னறையிலேயே நடக்கும் பெட்டிக்கடை. விரிப்பு துவைக்க ஒருவர், இரவு வாசலில் காவலுக்கு ஒருவர், ஊர் காட்ட எதிர்வீட்டுப் பையன். இதில் எந்தக் காசும் பகல் பஸ் கணக்கில் வராது.

வீடு யார் பெயரில்?

இந்தத் தொழிலை நடத்துபவர்களில் நடுத்தர வயது தாண்டிய பெண்கள் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், நர்சுகள், வளர்ந்த பிள்ளைகள் வேறு இடம் போனதால் அறைகள் காலியான அம்மாக்கள். இது தற்செயலாக நடந்ததல்ல என்பதைப் புரிந்துகொள்ளப் பழைய பெர்மிட்டுக்குத் திரும்ப வேண்டும்.

சொவேட்டோவில் நெடுங்காலம் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, நகராட்சிக்கு வாடகை கட்டும் குடியிருப்பாளர்கள்தான். அந்தக் குடியிருப்பு உரிமையும் ஆண் பெயரில். கணவர் இறந்தாலோ விலகிப் போனாலோ மனைவி பிள்ளைகளோடு தெருவில் நிற்கும் அபாயம் இருந்தது. 99 ஆண்டுக் குத்தகை 1978-ல் வந்தது, முழு உரிமை 1986-ல். பிறகுதான் வங்கியில் கடன் கேட்க முடிந்தது, சுவரை இடித்துக் கட்ட முடிந்தது, கொல்லையில் குளியலறையோடு ஓர் அறை எழுப்ப முடிந்தது. வீடு தன் பெயரில் இருந்தால்தான் விருந்தாளியைக் கூப்பிட முடியும் என்ற சாதாரண விஷயம் அந்த ஊரில் அவ்வளவு தாமதமாக வந்தது.

சட்ட உரிமை இல்லாத காலத்திலும் வீட்டை வைத்துச் சம்பாதித்தவர்கள் பெண்கள்தான். 1960-களின் தொடக்கம் வரை கறுப்பின மக்களுக்குச் சீமைச் சாராயம் விற்பதே குற்றம். நகராட்சியே நடத்தும் பீர் கூடத்தில் மட்டும் குடிக்கலாம், அந்த லாபம் நகராட்சி கஜானாவுக்கு. பெண்கள் சோளத்தில் உம்கொம்போத்தி காய்ச்சி வீட்டுக்குள்ளேயே விற்றார்கள். போலீஸ் வரும்போது மறைக்கக் கொல்லையில் குழி தோண்டிப் பானையைப் புதைத்தார்கள். அந்த வீடுகள்தான் ‘ஷெபீன்’. பாட்டு, அரசியல், கால்பந்து, காதல் எல்லாம் அங்கேதான். முன்பின் தெரியாதவரை உட்கார வைப்பது, சாப்பாடு போடுவது, சண்டை மூண்டால் அடக்குவது, காசைக் கறாராக எண்ணி வாங்குவது என்று விருந்தோம்பல் தொழிலின் முழுப் பாடமும் அந்த ஹாலில் நடந்தது. டூபேயின் ‘வாண்டீஸ் பிளேஸ்’ 1981-ல் ஷெபீனாகத் தொடங்கி, பின்னாளில் வெளிநாட்டுக்காரர்கள் சுவரெல்லாம் விசிட்டிங் கார்டு குத்திவிட்டுப் போகும் உணவகமாக வளர்ந்தது.

பணம் புரட்டவும் அவர்களிடம் வழி இருந்தது. ஸ்டாக்வெல் என்று ஒரு பழக்கம், அப்படியே நம் ஊர்ச் சீட்டுதான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு, ஆளுக்கொரு மாதம் மொத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். வங்கி கைவிரித்த இடத்தில் ஸ்டாக்வெல் பணம் மெத்தையாகவும் குளிர்சாதனப் பெட்டியாகவும் மாறியிருக்கிறது.

உள்ளே எப்படி இருக்கும்?

ஓட்டல் அறையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். பழைய தீப்பெட்டி முன்புறம் அப்படியே இருக்கும், பின்புறம் நீண்டிருக்கும். கார் ஷெட்டை உணவுக்கூடமாக மாற்றியிருப்பார்கள். மேஜை விரிப்பு கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். சுவரில் குடும்பப் படங்கள், பட்டமளிப்பு கவுன் போட்ட மகள், தேவாலய மாதர் சங்கத்தின் சீருடையில் அம்மா. கேட்டுக்குள்ளேயே கார் நிறுத்தலாம், ஜன்னலுக்குக் கம்பி உண்டு. வீட்டுக்காரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ‘மம்மா’ என்றோ, வயதானவராக இருந்தால் ‘கோகோ’ என்றோ, அதாவது அம்மா, பாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் எதிர்ப்படுபவருக்கு ஸூலுவில் ‘சவுபோனா’, சோத்தோவில் ‘டுமேலா’ என்று வணக்கம் சொல்லாமல் நகரக் கூடாது. இளவட்டங்கள் ‘ஹெய்ட்டா’ என்று முடித்துக்கொள்வார்கள்.

சாப்பாடு? மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிய பாப், அதன்மேல் இறைச்சிக் குழம்பு. மோகோடு என்றால் குடல். கோழிக்கால் உண்டு, ஆவியில் வேகவைத்த டொம்போலோ ரொட்டி உண்டு. காலையில் எண்ணெயில் பொரித்த மக்வின்யா. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். மொரோகோ என்ற கீரை, பீன்ஸும் மிளகாயும் காய்கறியும் சேர்த்த சக்கலக்கா, இரண்டும் பாப்போடு நன்றாகவே இறங்கும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு மதியம் ‘ஏழு வண்ணம்’ என்று ஒரு சாப்பாடு: சோறு, கோழி, பூசணி, பீட்ரூட், கீரை, உருளைக்கிழங்கு சாலட் என்று தட்டே தெரியாமல் நிரப்புவார்கள். தெருவோரத்தில் ‘கோட்டா’ வாங்கிச் சாப்பிடுங்கள். கால் ரொட்டியைக் குடைந்து அதற்குள் உருளை வறுவல், சாசேஜ், சீஸ் எல்லாம் திணித்து, நடுவே ஒரு கரண்டி மாங்காய் ஆச்சார். அந்த ஊறுகாய் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. இன்று அது இல்லாமல் கோட்டா இல்லை, அதை இந்தியப் பண்டம் என்று அங்கே யாரும் நினைப்பதும் இல்லை.

எந்த வீடு என்று கேட்டால், பார்க்க வேண்டிய இடங்கள் நடை தூரத்தில் இருப்பதால் ஆர்லாண்டோ வெஸ்ட் வசதி. டீப்க்ளோஃபின் விரிவாக்கப் பகுதியில் வீடுகள் பெரியவை. அந்தப் பகுதியை ‘டீப்க்ளோஃப் எக்ஸ்பென்சிவ்’ என்று கேலி செய்வார்கள். இளைஞர்களுக்கு ‘லெபோஸ் சொவேட்டோ பேக்பேக்கர்ஸ்’ பொருத்தம். அங்கே சைக்கிளிலும் ஆட்டோவிலும் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆமாம், நம் மூன்று சக்கர ஆட்டோதான், அங்கே டுக்டுக். சைக்கிளில் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நீங்கள் பார்க்கிறவர் உங்களையும் முழுசாகப் பார்க்கிறார்.

விலகாசி தெரு

ஆர்லாண்டோ வெஸ்ட்டில் 8115 என்று எண்ணிட்ட வீடு. 1946-ல் மண்டேலா அதற்குக் குடிவந்தார். முதல் மனைவி ஈவ்லினோடும், 1958-க்குப் பிறகு வின்னியோடும் வாழ்ந்தார். அவர் சிறையில் இருந்த காலத்தில் வின்னியும் மகள்களும் அங்கே பட்ட பாட்டைச் சுவரிலுள்ள தோட்டாத் தழும்புகள் சொல்லும். 1990-ல் விடுதலையான பிறகு அந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார். தங்க முடிந்தது 11 நாள். அதே தெருவில் கூப்பிடு தூரத்தில் டெஸ்மண்ட் டுட்டுவின் வீடு. அமைதிக்கான நோபல் பெற்ற இருவர் ஒரே தெருக்காரர்கள் என்பதுதான் விலகாசி தெருவின் விளம்பர வாசகம். தெருவுக்குப் பெயர் தந்த பெனடிக்ட் விலகாசி ஸூலு மொழியின் பெருங்கவிஞர், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். சைகை மொழியில் அவர் பெயரைக் காட்டும் பெரிய காங்கிரீட் கைகள் தெருவில் நிற்கின்றன. பலரும் அவற்றின்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு, யாருடைய பெயர் என்று தெரியாமலே போகிறார்கள்.

என்னைக் கேட்டால், மண்டேலா வீட்டில் கூட்டம் அதிகம், இடம் கம்மி, அறை அறையாக நகர்ந்து முடிந்துவிடும். நிற்க வேண்டிய இடம் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடம். பள்ளிப் பாடங்களில் பாதியை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்று 1974-ல் வந்த உத்தரவை எதிர்த்து, 1976 ஜூன் 16 காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் விழுந்தான். அவனைக் கையில் ஏந்தி ஓடும் இளைஞன் எம்புயிசா மகுபோ, பக்கத்தில் கதறிக்கொண்டு ஓடும் அக்கா அன்டோனெட். சாம் என்சிமா எடுத்த அந்தப் படம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குப் போனது. என்சிமாவைப் போலீஸ் துரத்தியது, அவர் பத்திரிகைத் தொழிலையே விட்டு சொந்தக் கிராமத்துக்குப் போய்விட்டார். மகுபோ நாட்டை விட்டு ஓடினார், கடைசியாக நைஜீரியாவிலிருந்து 1978-ல் ஒரு கடிதம், பிறகு தகவலே இல்லை. அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் 176 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்பவர்களும் உண்டு. 2002-ல் திறந்த அருங்காட்சியகத்தின் முற்றத்தில், இறந்த பிள்ளைகளின் பெயர்கள் பொறித்த கற்கள் சரளைக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1965-ன் மொழிப் போரை அறிந்த நம் ஊர்க்காரருக்கு அங்கே விளக்கவுரை தேவைப்படாது.

தங்குபவருக்குக் கிடைக்கும் சலுகை, இந்த இடத்தை பஸ்கள் வருவதற்கு முன் பார்க்கலாம் என்பது. இன்னொன்று, ஞாயிறு காலை ரெஜினா முண்டி தேவாலயத்தில் பூசைக்குப் போகலாம். அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்த காலத்தில் சவ அடக்கப் பூசை என்ற பெயரில் கூட்டங்கள் நடந்த இடம். 1976-ல் போலீஸ் உள்ளே புகுந்து சுட்ட தோட்டாத் துளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். பாட்டு தொடங்கினால் முழுக் கோயிலும் நான்கு குரலில் பாடும், அதற்குப் பாடகர் குழு தேவையில்லை.

ரக்பிக்காரர்கள் வந்த வாரம்

2010-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து தென்னாப்பிரிக்காவில். பிரிட்டோரியாவின் ரக்பி மைதானத்தை முன்கூட்டியே ஃபிஃபாவுக்கு ஒப்படைத்துவிட்டதால், அவ்வூர் புல்ஸ் அணி, சூப்பர் 14 போட்டியின் அரையிறுதியையும் இறுதியையும் மே மாதம் ஆர்லாண்டோ மைதானத்தில் ஆடியது. ரக்பி என்றால் ஆஃப்ரிகானர்களின் உயிர். வாழ்நாளில் சொவேட்டோவில் கால் வைக்காத ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் நீலச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். எந்த மொழியை எதிர்த்து 1976-ல் பிள்ளைகள் செத்தார்களோ அந்த மொழியைப் பேசுபவர்கள், ஆட்டம் முடிந்தபிறகும் ஷெபீன்களில் உட்கார்ந்து குடித்தார்கள், ஆடினார்கள். தெருக்காரர்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டி விற்றார்கள். புல்ஸ் கோப்பையை வென்றது. அதனால் நாடு மாறிவிட்டது என்று எழுதியவர்கள் அன்று நிறையப் பேர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால், 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி இருந்தவர்களுக்கே இந்த ஊர் வெளிநாடாக இருந்தது என்பது அன்று அம்பலமானது.

உலகக் கோப்பை வேறு கதை. சொவேட்டோவை ஒட்டிய சாக்கர் சிட்டியில்தான் முதல் ஆட்டமும் இறுதி ஆட்டமும். கூட்டம் குவியும் என்று நம்பிப் பலர் கடன் வாங்கி அறை கட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ரசிகர்கள் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. போட்டிக்காக மொத்தமாகப் பிடித்து வைத்திருந்த அறைகளில் பெரும்பகுதியை ஏற்பாட்டாளர்கள் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஓட்டல் அதைத் தாங்கும். மூன்று அறை வைத்திருக்கும் அம்மாவுக்கு அது பல ஆண்டுத் தவணை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மறுபடியும் அடி. எல்லை மூடியது, விமானம் இல்லை, மது விற்பனைக்கும் தடை. வெளிநாட்டுக்காரரை மட்டும் நம்பியிருந்த வீடுகள் பலகையைக் கழற்றி, அறைகளை மாத வாடகைக்கு விட்டன. மின்வெட்டு இன்னொரு தலைவலி. கட்டணப் பாக்கிக்காக மின்வாரியத்துக்கும் சொவேட்டோவுக்கும் பல்லாண்டுத் தகராறு. அந்தச் சண்டையில், ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர் வீட்டு விளக்கும் சில நேரம் அணையும்.

கிளிப்டவுனைப் பாருங்கள்

சுற்றுலாப் பணம் எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டுமானால் கிளிப்டவுனுக்குப் போக வேண்டும். 1955 ஜூன் 25, 26 தேதிகளில் சுமார் 3,000 பிரதிநிதிகள் திறந்த வெளியில் கூடி சுதந்திர சாசனத்தை ஏற்ற இடம். நாடு எல்லோருக்கும் சொந்தம் என்ற அதன் கொள்கைதான் பின்னாளில் அரசியல் சட்டத்துக்கு அடிப்படை. தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இரண்டாம் நாள் போலீஸ் சூழ்ந்துகொண்டது. பொன்விழாவுக்காக 2005-ல் அங்கே வால்டர் சிசுலு சதுக்கம் திறந்தார்கள். கூம்பு வடிவ நினைவுக் கட்டடம், நீண்ட தூண் வரிசை, அதன் ஓரத்தில் 2007-ல் ஒரு நான்கு நட்சத்திர ஓட்டலும் வந்தது. ரயில் பாதையைத் தாண்டினால் தகரக் குடிசைகள், பொதுக் குழாய், தற்காலிகக் கழிப்பறை. சதுக்கமும் தப்பவில்லை. அண்மை ஆண்டுகளில் ஒயரும் கதவும் ஓடும் பெயர்த்து எடுக்கப்பட்டு, பெரும்பகுதி பாழடைந்துவிட்டது. விலகாசி தெருவின் உணவகங்களில் சனிக்கிழமை இடம் கிடைக்காது. சாசனம் பிறந்த இடத்தில் வழிகாட்டிகள் ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான்.

கிளிப்டவுனில் குடிசைகளுக்கு நடுவே நடக்க நேர்ந்தால், உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பாதுகாப்பு பற்றி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் முழுவதிலும் குற்றம் அதிகம், சொவேட்டோ விலக்கல்ல. இரவில் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதை வீட்டுக்காரம்மா சொல்வதுதான் சட்டம். விமான நிலையத்திலிருந்து கௌட்ரெய்ன் ரயில் வடக்கே போகும், நகர மையத்துக்கும் போகும், சொவேட்டோவுக்குப் போகாது. நகர மையத்திலிருந்து ரேயா வாயா பஸ் உண்டு. 2009-ல் தொடங்கியது. மினிபஸ் டாக்சிக்கு விரலால் சைகை காட்ட வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சைகை. அதை முதல் நாளே வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம், அவர்களும் சிரிக்கக் காரணம் கிடைக்கும்.

ஒரே இரவு போதாது. வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை கிளம்பினால் ஊர் பிடிபடும். ஜூன் 16 இளைஞர் தினம், அதற்குப் போக ஆசைப்படுபவர்கள் கம்பளி எடுத்துப் போக வேண்டும். 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஜூன் இரவு பூஜ்யத்தைத் தொடும். அறையைச் சுற்றுலா நிறுவனம் வழியாகப் பிடிக்காமல் வீட்டுக்காரரிடமே நேரடியாகப் பேசினால் முழு வாடகையும் அவர் கைக்குப் போகும்.

இந்த வீடுகள் இன்று ஓடுவது பெரும்பாலும் உள்நாட்டுக்காரர்களால். அங்கே சவ அடக்கம் வழக்கமாகச் சனிக்கிழமைகளில்தான் நடக்கும். வெள்ளி இரவே தூர ஊர்களிலிருந்து உறவினர் வந்து நிறைவார்கள். கல்யாணத்துக்கு வருபவர்கள், அரசுப் பயிற்சி முகாமுக்கு வருபவர்கள், சொவேட்டோ மாரத்தானில் ஓட வருபவர்கள், வீட்டில் தனிமை கிடைக்காமல் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை கேட்கும் ஜோடிகளும் உண்டு. கடைசி வகையறாவைத் தேவாலயத்துக்குப் போகும் அம்மாக்கள் முறைத்துப் பார்த்தாலும், எல்லோரும் திருப்பி அனுப்புவதில்லை. கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரேட்ஸும் மோதும் கால்பந்து டெர்பி வாரத்தில் மட்டும் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். ஹாலில் சோபா கூடக் கிடைக்காது.